தானமாகக் கிடைத்த வால்வை உடம்பு ஏற்குமா?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதையில், இறந்தவரிடமிருந்து தானமாகப் பெற்ற வால்வை வைத்திருக்கிறார்கள். கிட்னி மாற்றிக்கொண்ட என் அண்ணன் நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். இவளுக்கு அப்படி எதுவும் தரவில்லை, ரத்த குரூப் கூடப் பொருத்திப் பார்க்கவில்லை. உடம்பு வால்வைத் தள்ளிவிடாதா? – ஒரு வாசகி

பதில்: மறந்துபோய் எழுதாமல் விடவில்லை அம்மா, தெரிந்துதான் தரவில்லை. 1962-இல் லண்டனில் டொனால்ட் ராஸ், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பாரட்-பாய்ஸ் என்ற இரண்டு இதய அறுவை மருத்துவர்கள் இந்த வால்வை வைக்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து இதற்கு, உங்கள் அண்ணன் சாப்பிடுவது போன்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை வழக்கமாகத் தருவதில்லை.

அதற்காக உடம்பு சும்மா இருந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வால்வைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பாதுகாத்தாலும் கொடையாளியின் செல்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அவற்றின் மேலுள்ள எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்களைப் பார்த்ததும் வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களுக்குள் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) உருவாகிவிடுகின்றன. ஆனால் கிட்னி வேலை செய்ய அதன் செல்கள் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். வால்வு அப்படியில்லை, மெல்லிய நார்த்திசு இதழ்கள் திறந்து மூடினால் போதும், செல்கள் செத்துப்போனாலும் அது நடக்கும். அதனால் திடீர் நிராகரிப்பு என்ற பயம் வேண்டாம்.

பாதிப்பு மெதுவாக வரும். வருடங்கள் போகப் போக இதழ்கள் தடித்து, கால்சியம் படிந்து, பாதை சுருங்கலாம் அல்லது வால்வு கசியலாம். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு இது சீக்கிரம் நடக்கிறது. இதில் எதிர்ப்பாற்றலின் பங்கு எவ்வளவு என்று மருத்துவர்களிடையே இன்னும் வாதம் உண்டு, ஏனென்றால் குழந்தை வளர்கிறது, வால்வு வளர்வதில்லை, அதுவும் ஒரு காரணம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையால் வால்வு கூடுதல் காலம் உழைக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை, தொற்று வரும் ஆபத்தோ நிச்சயம். வளரும் பிள்ளைக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதே சரி என்பது என் கருத்து.

கொடையாளியின் செல்களைக் கழுவி எடுத்துவிட்டு வைக்கும் வால்வுகளும் இருக்கின்றன, அவற்றுக்கு ஆன்டிபாடி மிகக் குறைவாகவே வருகிறது. 2022-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு உயிருள்ள வால்வுகளையே பொருத்தினார்கள், அவை குழந்தையோடு சேர்ந்து வளர்ந்தன. அதற்கு மட்டும் மாத்திரை அவசியம்.

பலரும் கவனிக்காத ஒன்று: அந்த ஆன்டிபாடிகள் பல வருடங்கள் ரத்தத்திலேயே தங்கலாம், பின்னாளில் இதய மாற்று தேவைப்பட்டால் பொருத்தமான இதயம் கிடைப்பது கஷ்டமாகும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் வால்வு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெள்ளை அணுக்களை வடிகட்டிய ரத்தம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பல் பிடுங்கும்முன் ஆன்டிபயாட்டிக் தேவையா என்று இதய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எக்கோ எடுக்கும்போதெல்லாம் வால்வின் இருபக்க அழுத்த வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், மூச்சு வாங்குவதற்கு வெகு முன்பே அந்த எண் ஏறத் தொடங்கிவிடும்.