ஜாபாலாவின் மகன்

அன்புள்ள ஐயா,

அப்பா காலமாகி எட்டு மாதம். பதினாறாம் நாள் காரியத்தன்று சித்தப்பா, “நீ அண்ணனுக்குப் பிறந்தவனே இல்லை” என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அம்மாவிடம் பேசவில்லை. தலைத் திதி வருகிறது. அப்பா பெயரையும் கோத்திரத்தையும் சொல்ல எனக்கு உரிமை உண்டா? டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டி.என்.ஏ.வை விடுங்கள். யாருடைய எச்சிலோடு ஒப்பிடப் போகிறீர்கள், சித்தப்பாவுடையதோடா?

உரிமைக்கு வருவோம். மனு பன்னிரண்டு வகைப் பிள்ளைகளைச் சொல்கிறார். வீட்டில் மறைவாகப் பிறந்து, தகப்பன் யாரென்று தெரியாதவன் கூடோத்பன்னன். அவன் தாயின் கணவனுக்கே பிள்ளை. சொத்தில் பங்குள்ள முதல் ஆறு பேரில் ஒருவன். 1872 சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவும், அதனிடத்தில் வந்த 2023 சட்டத்தின் 116ஆம் பிரிவும் அப்படித்தான்: கணவன் மனைவி சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் ஒழிய, மணவாழ்வில் பிறந்த பிள்ளை கணவனுடையதே. சாஸ்திரமும் சட்டமும் கிளறாததை உங்கள் சித்தப்பா கிளறுகிறார். போகட்டும்.

என்னை உறுத்தியது வேறு. உங்கள் நீண்ட கடிதத்தில் (சுருக்கியிருக்கிறேன்) பக்கத்துக்குப் பக்கம் அப்பா. அம்மா ஒரே ஒரு இடத்தில், அதுவும் பேசவில்லை என்பதற்காக. வெட்கமாக இல்லையா?

சாந்தோக்கிய உபநிடதத்துச் சத்தியகாமனை எல்லாரும் கொண்டாடுகிறோம். குருகுலம் சேரப் போகுமுன் கோத்திரம் கேட்ட மகனிடம் தாய் ஜாபாலா சொல்கிறாள்: இளமையில் பணிவிடை செய்து திரிந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், கோத்திரம் தெரியாது, நான் ஜாபாலா, நீ சத்தியகாமன், சத்தியகாம ஜாபாலன் என்று சொல். அவன் போய் அப்படியே சொன்னான். குரு கௌதமர் அவன் உண்மையை மெச்சிச் சீடனாகச் சேர்த்துக்கொண்டார். அது யாருடைய உண்மை? பையன் ஒப்பித்தான், அவ்வளவுதான். பெற்ற மகன் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னவளைப் பற்றி ஒரு உபந்நியாசத்திலாவது நிறுத்திப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். மகனுக்கு அவர் ஜாடையே இல்லை என்று தெருவே பேசும். அவர் காதில் விழாமலா இருக்கும்? அவனுக்குத் தைக்கும்போது மட்டும் டேப் எடுக்கமாட்டார். முதுகைச் சாணால் அளந்து, வளர்கிற பிள்ளை என்று மடிப்பில் இரண்டு விரல் துணி கூடுதலாக விடுவார்.

உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். அது அவர்கள் இருவரின் கணக்கு. தணிக்கைக்கு உங்களைக் கூப்பிடவில்லை.

அம்மாவுக்கு 78 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். நேரில் போங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். திதி என்றைக்கு வருகிறது என்பதும் அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.