தங்கக் கோடு போட்ட ஜாடியில் ஊறுகாய் போடலாமா?

கேள்வி: ஓசூரில் மூன்று மணி நேர 'கின்சுகி' வகுப்புக்கு ரூ.1,800 கேட்கிறார்கள். உடைந்த பீங்கானைத் தங்கத்தால் ஒட்டித் தருவார்களாம். பாட்டி மாங்காய் ஊறுகாய் போட்டுவைத்த ஜாடி நான்கு துண்டாகக் கிடக்கிறது. ஒட்டினால் வரும் சீசனில் அதில் ஊறுகாய் போடலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: போடாதீர்கள். மூன்று மணி நேரத்தில் முடிகிறது என்றாலே பசை எபாக்சிதான், அதாவது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டைக் கலந்து இறுகவைக்கும் செயற்கைப் பசை. கின்சுகியின் தாயகமான ஜப்பானில் ஒட்டுவது உருஷி மரத்துப் பாலால். அது காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும். 20 முதல் 30 டிகிரி சூடும் 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும். முதலில் கோதுமை மாவு கலந்த உருஷியால் ஒட்டி, ஒரு வாரத்துக்கு மேல் விடுவார்கள். பிறகு மண்தூள் கலந்து பள்ளத்தை அடைத்து, இழைத்து, மேல்பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும்போதே தங்கத் தூளைத் தூவுவார்கள். எல்லாம் முடிய ஒரு மாதமாவது பிடிக்கும்.

வகுப்பில் தரும் சாதாரண எபாக்சி சுடுபொருள் பட்டால் இளகும். ஊறுகாயின் உப்பும் புளிப்பும் எண்ணெயும் மாதக்கணக்கில் அதில் ஊறுவது நல்லதல்ல. கோட்டுக்குப் போடும் தங்க நிறத் தூள் பித்தளையாக இருந்தால், ஈயம் பூசாத பித்தளையில் புளி கரைத்தது போலக் களிம்பு ஏறும். ஒட்டிய ஜாடியில் கரண்டிகளைப் போட்டு வையுங்கள். கண் முன்னால் இருக்கும்.

ஊறுகாய் ஜாடியில் இன்னொரு சிக்கல் உண்டு. உடைந்த ஓரத்தில் மெருகு இல்லாததால் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுபோங்கள். ஒட்டுமுன் ஓரத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

பசை போடாமல் ஒருமுறை கூட்டிப் பார்த்து, துண்டுகளுக்கு டேப்பில் எண் போடுங்கள். வரிசை தவறினால் கடைசித் துண்டு உள்ளே நுழையாது. வகுப்புகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவில் சொன்ன அளவில், பெரும்பாலும் சரிபாதி, கலக்க வேண்டும். அளவு பிசகினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுக்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் என்றால் ஓர் இணைப்புக்குப் போதுமானதை மட்டும் கலக்குங்கள். தூளை அள்ளிக் கொட்டினால் ஒட்டு பலமிழக்கும். வெறும் பசையால் ஒட்டிவிட்டு, கோட்டை மட்டும் தூள் கலந்து தூரிகையால் வரைவதே நல்லது. டேப்பால் இறுக்கி, மணல் தட்டில் சாயாமல் நிறுத்துங்கள். பிதுங்கியதை ரப்பர் பதத்தில் பிளேடால் சீவி எடுங்கள். 24 மணி நேரம் அசைக்காதீர்கள்.

கேள்வி: அசல் உருஷி வகுப்பு கிடைத்தால் போகலாமா? எனக்கு மாம்பால் பட்டாலே கொப்பளிக்கும்.
– வாசகர், பாரூர்

பதில்: நீங்கள் போகாமலிருப்பதே நல்லது. மா, முந்திரி, சேராங்கொட்டை, உருஷி நான்கும் ஒரே குடும்பம். மாம்பாலுக்குக் கொப்பளிக்கும் தோல் உருஷிக்கும் கொப்பளிக்க வாய்ப்பு அதிகம். மற்றவர்களும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடக்கூடாது. முழுதும் இறுகிய பிறகு பொதுவாகத் தொந்தரவு தராது.

கேள்வி: தங்கம் என்று சொல்லிவிட்டு வேறு தூள் கொடுத்தால்?
– வாசகர், தருமபுரி

பதில்: பணம் கட்டுமுன் மூன்று கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: பசை என்ன, தூள் தங்கமா பித்தளையா மைக்காவா (அப்பிரகமா), சொந்தப் பாத்திரம் கொண்டுவரலாமா. மைக்காத் தூள் குறையல்ல, கறுக்காது. அதைத் தங்கம் என்று விற்பதுதான் தவறு. ஒட்டிப் பழகத் தட்டு அவர்களே தருகிறார்களா என்றும் கேளுங்கள். பாட்டி ஜாடியில் முதல் கை வைக்க வேண்டாம். விளம்பரத்தைப் படமெடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.