பம்ப் போச்சுன்னு சொன்னா உடனே கழட்டக் குடுக்காதீங்க

"அப்பா வச்சிருந்த பழைய டீசல் பிக்கப், காலையில ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுது, பட்டறையில டீசல் பம்ப் போச்சுங்கறாங்க, வீட்டுலயே வச்சு பாக்க முடியுமா"ன்னு கேட்டிருக்கீங்க. முடியும் தம்பி. அந்த "பம்ப் போச்சு"ங்கறதைப் படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுது, அதான் ராத்திரி கரண்ட் வந்த நேரமாப் பாத்து உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

என்ன வண்டின்னு போடல. பர்மாவுல இருக்கேன்னு மட்டும் போட்டிருக்கீங்க, அப்ப அநேகமா டொயோட்டா ஹைலக்ஸாத்தான் இருக்கும், 2எல் இல்லன்னா 3எல் எஞ்சின், அதாவது 2.4 இல்லன்னா 2.8 லிட்டர். எங்க வீட்டுலயும் அதுதான். நாங்க முடோன் பக்கம், மோல்மேன் (மௌலமைன்) டவுனுக்கு தெக்க, ரப்பர் ஷீட்டும் சீசன்ல காய்கறியும் ஏத்துறோம். வேற வண்டியா இருந்தாலும் பழைய டீசல்னா நான் சொல்றதுல பெரும்பகுதி பொருந்தும், கம்ப்யூட்டர் வச்சு ரொம்ப அதிக பிரஷர்ல டீசல் அடிக்கிற புது காமன் ரெயில் வண்டிக்கு மட்டும் இதைப் பண்ணாதீங்க, அது வேற சமாச்சாரம்.

ஒரு மழைக்காலத்துல எங்க வண்டியும் இதே மாதிரிதான் படுத்துச்சு. ஆடி ஆவணில எங்க பக்கம் ஷீட்டு காயவே காயாது, காஞ்ச சரக்கை விடிகாலையில மோல்மேன்ல சேத்தாத்தான் காசு. வண்டி என்னடான்னா முதல்ல பிடிக்கும், ரெண்டு செகண்ட் ஓடும், செத்துப்போகும், அப்புறம் செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்கி தள்ளிவிட ஆள் கூப்பிடணும், ஒரு தடவை ஓடிருச்சுன்னா நாள் பூரா ஒரு குறையும் கிடையாது. பட்டறையில கொண்டுபோய் விட்டோம், யாருன்னு சொல்ல விரும்பல. பானட்டைத் தூக்கி ஒரு பார்வை பாத்துட்டு பம்ப் தேஞ்சுபோச்சு, கழட்டி ரங்கூனுக்கு அனுப்பி பம்ப்பைச் சோதிக்கிற பெஞ்ச்ல வச்சு செட் பண்ணணும், எஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சற நாசிலையும் சேத்து மாத்திடலாம்னாரு. சொன்ன தொகைக்கு அந்த சீசன் ரப்பர் காசு அப்படியே போயிடும். ஸ்பேனரைக் கையில எடுக்கல, ஒரு டியூபைக்கூட தொட்டுப் பாக்கல. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதா வரலையான்னு ஒரு வார்த்தை கேக்கல. நான் உங்ககிட்ட கேக்கறேன், உங்க வண்டில வருதா?

இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க சித்தப்பா. தட்டோன் பெகு ரோட்ல லைன் கார், அதாவது ஆளேத்திப் போற வண்டி, ஓட்டினவரு. 2007 ஆகஸ்ட்ல டீசல் ஒரே ராத்திரில கேலன் 1500 கியாட்ல இருந்து 3000 ஆச்சே, அதுக்கப்புறம் பட்டறைக்குக் குடுக்க கையில ஒண்ணும் நிக்கலன்னு எல்லாத்தையும் தானே பாக்க ஆரம்பிச்சாரு. "முதல்ல புகையைப் பாருடா, அப்புறம் ஸ்பேனரை எடு"ன்னு எனக்கும் வண்டில கூட வர்ற உதவியாளு ஸ்பேர் பையனுக்கும் சேத்துச் சொல்வாரு. வெள்ளைப் புகை குபுகுபுன்னு வந்தும் பிடிக்கலைன்னா டீசல் போகுது, எரியல, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எஞ்சின் உள்ளாற சூடு குடுக்கற ஹீட்டர் பிளக்கைப் பாக்கணும். புகையே வரலைன்னா டீசலே போகல, டேங்க்ல இருந்து தேடிட்டு வரணும்.

எங்க வண்டில புகையே இல்ல. இந்த எஞ்சின்ல டீசலைத் தள்ளிவிட தனி மோட்டார் கிடையாது, பெரிய பம்ப்பேதான் டேங்க்ல இருந்து உறிஞ்சிக்குது. அதனால நடுவுல எங்க ஓட்டை இருந்தாலும் டீசல் வெளிய ஒழுகாது, காத்துதான் உள்ள போகும். கீழ குனிஞ்சு பாத்தா ஒரு சொட்டு ஈரம் இருக்காது, லீக் இல்லன்னு நெனச்சுடுவாங்க. ராத்திரி பூரா காத்து ஏறி டீசல் திரும்ப டேங்க்குக்கே இறங்கிடும், காலையில பம்ப்புக்குள்ள மிச்சம் இருக்கறது ரெண்டு செகண்டுக்குத்தான் காணும். காசே செலவழிக்காம இதைச் சோதிக்கலாம்: ராத்திரி வண்டியை மூக்கு பள்ளத்தைப் பாக்கற மாதிரி நிறுத்துங்க, டேங்க் மேல இருக்கணும், எஞ்சின் கீழ இருக்கணும், சக்கரத்துக்குக் கட்டை குடுத்துடுங்க. காலையில சட்டுன்னு பிடிச்சுதுன்னா காத்துதான் கோளாறு, பம்ப் மேல பழி போடாதீங்க.

அடுத்தது ஃபில்டர்ல இருந்து பம்ப்புக்குப் போற டியூபைக் கழட்டிட்டு அதே சைஸ்ல உள்ள தெரியிற டீசல் டியூப் ஒண்ணை மாட்டிப் பாத்தோம். பாசிமணி கோத்த மாதிரி குமிழ் வரிசையா ஓடுச்சு. அதையே ஃபில்டருக்கு முன்னாடி மாட்டினா அங்க குமிழே இல்ல. அப்ப நடுவுல இருக்கறது ஃபில்டர் தலையும் அது மேல உக்காந்திருக்கற, கையால அமுக்கி டீசல் ஏத்தற ஹேண்ட் பம்ப்பும்தானே. பிரிச்சு ஹேண்ட் பம்ப்புக்குள்ள இருக்கற ரப்பர் சவ்வை, அதான் டயாஃப்ரத்தை, ரெண்டு கட்டைவிரலாலயும் இழுத்துப் புடிச்சு வெளிச்சத்துல காட்டினா மடிப்பு ஓரமா மயிரிழை வெடிப்பு. சும்மா கையில வச்சுப் பாத்தா தெரியவே தெரியாது. இதுக்குத்தான் பெரிய பம்ப்பைக் கழட்டி ரங்கூனுக்கு அனுப்பச் சொன்னாங்க.

ஃபில்டர் தலையை முழுசா மாத்திட்டோம், ரங்கூன்ல இருந்து பஸ்ல போட்டு விட்டாங்க. வர்ற வரைக்கும் மோல்மேன் ஆத்தங்கரைக் கடையில கிடைக்கிற, படகு எஞ்சினுக்குப் போடற ரப்பர் பல்பை லைன்ல மாட்டி அமுக்கி ஓட்டினோம், அது தற்காலிகம்தான், சூட்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க. மாத்தினப்புறம் காத்து எடுக்கணும். ஃபில்டர்ல சுத்தமான டீசலை ஊத்தி மாட்டி ஹேண்ட் பம்ப் கெட்டிப்படற வரைக்கும் அமுக்குங்க. அப்பவும் பிடிக்கலைன்னா நாசிலுக்குப் போற பைப் நட்டை 17 ஸ்பேனரால லேசா தளத்தி, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, டீசல் வந்ததும் டைட் பண்ணிடுங்க. விரலை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீங்க. அந்த பிரஷர்ல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய சின்னப் புள்ளியாத்தான் தெரியும், உள்ள சதை அழுகி ஆபரேஷன் வரைக்கும் போகும். பட்டுச்சுன்னா வலி இல்லாட்டியும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

உங்களுக்கு வெள்ளைப் புகை வருதுன்னா வேலை இன்னும் லேசு. பேட்டரி வயரை எடுத்துட்டு, நாலு ஹீட்டர் பிளக்கையும் இணைக்கிற தகட்டைக் கழட்டி, ஒவ்வொரு பிளக் தலைக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. ஒரு ஓம் பக்கத்துல காட்டினா உயிரோட இருக்கு, ஒண்ணுமே காட்டலைன்னா செத்துப்போச்சு. நம்ம ஊரு வெக்கைக்கு ஹீட்டர் எதுக்கும்பாங்க, இந்த எஞ்சின்ல டீசல் ஒரு சின்ன அறைக்குள்ளதான் முதல்ல எரிய ஆரம்பிக்குது, ராத்திரி பூரா ஆறிக் கிடந்தா இங்கயும் வேணும். வாங்கும்போது பழையதுல அடிச்சிருக்கற வோல்ட்டைப் பாத்து அதையே வாங்குங்க. 6 வோல்ட் பிளக்குக்கு நேரா 12 வோல்ட் குடுத்தா முனை உருகிடும்.

மெக்கானிக் வேலை பாக்கறவங்க யாராவது இதைப் படிச்சா கோவப்படாதீங்க, எல்லா சயாவையும் (மெக்கானிக்கை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) நான் சொல்லல. எங்க ஹெட் கேஸ்கட் போனப்ப ஒரு பர்மாக்கார சயா மழையில உக்காந்து முகம் சுளிக்காம முடிச்சுக் குடுத்தாரு, அந்த மனுஷனுக்கு நான் இன்னைக்கும் கடன்பட்டிருக்கேன். பம்ப்பை வீட்டுல பிரிக்கச் சொல்றேன்னும் யாரும் எழுதிடாதீங்க, அதைச் சொல்லவே மாட்டேன், அது பெஞ்ச் வேலை. பம்ப் நெஜமாவே தேஞ்சிருந்தா பெரும்பாலும் சூடானப்புறம்தான் ஸ்டார்ட் ஆகாம படுத்தும், ஓட்டி நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு வந்தா பிடிக்காது. உங்களுக்கு காலையில மட்டும்தானே? அப்புறம் "இந்தப் பழைய இரும்பை ஏன் வச்சிருக்கீங்க"ன்னு எப்படியும் ஒருத்தர் வருவாரு. 2011ல பழைய வண்டியை அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைச்சா வெளிநாட்டுல இருந்து வண்டி இறக்க பர்மிட் குடுத்தாங்களே, அப்பவும் இதையேதான் கேட்டாங்க, நல்லா ஓடின எத்தனையோ வண்டி நொறுக்கப் போச்சு. நாங்க குடுக்கல. இந்த வண்டிதான் எங்க வீட்டுக்கு சோறு போடுது.

கேள்விக்கு சம்பந்தமில்ல, ஆனா வண்டி பேச்சு வந்துட்டதால சொல்லிடறேன். திருவிழா வந்தா கோயில் கமிட்டிக்கு எங்க வண்டி ஞாபகம் வரும். பந்தல் கம்பு, அரிசி மூட்டை, நாற்காலி, எல்லாம் நம்ம வண்டிதான். சாமி காரியம், நான் முகம் கோணினதே இல்ல. ஆனா திருப்பிக் குடுக்கும்போது டேங்க் காஞ்சு கிடக்கும், டீசலுக்கு க்யூ நிக்கிற இந்தக் காலத்துல! டேங்க் அடிமட்டம் போனா அடியில தேங்கின தண்ணியும் அழுக்கும் லைனுக்குள்ள ஏறும், ஃபில்டர் அடைக்கும், அதுக்கும் நான்தான் காத்து எடுக்கணும். நோட்டீஸ்ல வாழை மரம் குடுத்தவங்க பேரு வரைக்கும் போடறாங்க, வண்டி குடுத்தவன் பேரு ஒரு வருஷமும் வந்ததில்ல. பேருக்காகக் கேக்கல, ஒரு கேலன் ஊத்தி விடலாமேன்னுதான் கேக்கறேன். இதைக் கமிட்டி ஆளுங்க படிச்சா படிக்கட்டும்.

சரி, உங்க விஷயம். கேன்ல வாங்கற டீசலா இருந்தா ஒரு ராத்திரி அசைக்காம வச்சு, அடி டீசலை விட்டுட்டு மேலாப்புல ஊத்துங்க, மழை மாசத்துல ஃபில்டர் அடியில இருக்கற தண்ணி திருகையும் அடிக்கடி தொறந்து விடுங்க. அப்பா டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாருன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க, 1 லட்சம் கிலோமீட்டர்தான் கணக்கு, யாருக்கும் தெரியலைன்னா தள்ளிப் போடாம மாத்திடுங்க, அறுந்துச்சுன்னா வால்வு வளைஞ்சு எஞ்சினே போயிடும். காலையில முதல் தடவை செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர் பின்னாடி ஒருத்தரை நிக்க வச்சு புகை வருதா, என்ன கலர்னு பாத்துட்டு எஞ்சின் நம்பரோட கீழ எழுதுங்க, அதுவரைக்கும் பம்ப்புல ஒரு போல்ட்டைக்கூட யாரையும் தொட விடாதீங்க.