ஆற்றோரத் தொடர்மாடி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை ரொறன்ரோவிலிருந்து பல காலமாக வாசித்து வருகிறேன். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே, கனகராயன் ஆற்றங்கரையில் அப்பாவின் காணி இரண்டு ஏக்கர் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். இப்போது ஒரு கம்பனி அதை வாங்கி ஆறு மாடித் தொடர்மாடி கட்டக் கேட்கிறது. எல்லா வீடும் ஆற்றைப் பார்த்தபடி இருக்குமாம். வெளிநாட்டில் உள்ள எங்கள் ஆட்கள் முற்பணம் கட்டவும் தொடங்கிவிட்டார்களாம். விற்றுவிடலாம் என்று அண்ணா நிற்கிறார். ஊரில் சிலர் எதிர்க்கிறார்கள். குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் சனம் வந்து நின்று தண்ணீர் பார்க்கிற இடம் அது, மறைந்துபோகும் என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது. எல்லாம் அழிந்த மண்ணுக்கு முதலீடு வேண்டாமா? வெறும் காட்சிக்காக ஒரு கட்டடத்தைத் தடுக்கலாமா? லண்டனில் சென் போல்ஸ் தேவாலயத்தை மறைக்காமல் கட்ட விதி இருக்கிறதாம். அதுபோல இங்கேயும் மூன்று மாடி போதும் என்று வைத்தால் இரண்டு தரப்பும் சமாதானமாகிவிடும் அல்லவா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது சிறுபோகக் கூட்டத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் வீட்டுக்குள் காலடி வைத்திருந்தேன். அங்கே நடந்த ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். காணி என்ன விலை, அண்ணாவுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்பதெல்லாம் குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. அதற்குள் நான் வரவில்லை.

ஆனால் 'வெறும் காட்சி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும் கோபம்தான் வந்தது. ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளை எழுதுகிற பேச்சா அது?

கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றில் இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுக்கிற கூட்டம். குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, ஆகவே இத்தனை ஏக்கர் என்று அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார். பின்வரிசையில் இருந்த ஒரு வயதான கமக்காரர் எழும்பினார். "ஐயா, நான் காலமை குளக்கட்டாலதான் வந்தனான். நீங்கள் சொல்லுற தண்ணி அங்க இல்லை. துருசடியில ரெண்டாம் படி வெளியால தெரியுது" என்றார். துருசு என்றால் குளத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற மதகு. சபை சத்தமில்லாமல் போய்விட்டது. பிறகு விசாரித்தால், வாசித்தது போன கிழமை எடுத்த அளவு. ஏக்கரைக் குறைத்தார்கள். அந்த மனுஷன் அன்று காலையில் கட்டால் வராமல் இருந்திருந்தால், ஆவணியில் எத்தனை பேருடைய நெல் கதிர் வரும் நேரத்தில் காய்ந்திருக்கும்!

நீங்கள் காட்சி என்று சொல்வது இதைத்தான், பிள்ளை. தண்ணீரைப் போய்ப் பார்ப்பது வன்னியில் ஒரு வேலை. எல்லோரும் செய்கிற, சம்பளமில்லாத வேலை.

கனகராயன் ஆற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வவுனியாப் பக்கத்துக் காடுகளில் தொடங்கி வந்து இரணைமடுவை நிரப்புகிறது. மிஞ்சியது கீழே இறங்கிச் சுண்டிக்குளக் கடனீரேரிக்குப் போகிறது. கிளிநொச்சியில் நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே பெய்த மழை இங்கே வந்து சேரும். அதை அறிவிக்க வானொலியும் இல்லாத காலத்தில் எங்கள் பெரியப்பா ஆற்றடிக்குப் போவார். பூவரசந் தடி ஒன்றை ஒடித்துத் தண்ணீர் விளிம்பில் குத்துவார். வெற்றிலை ஒன்றை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார். சாற்றைத் துப்பிவிட்டுத் தடியைப் பார்ப்பார். விளிம்பு தடியைத் தாண்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, தண்ணீரின் நிறம் என்ன, நுரையோடு சருகு வருகிறதா, பச்சைக் கொப்பு வருகிறதா என்று பார்ப்பார். பச்சைக் கொப்பு வந்தால் மேலே கரை அரிக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்து நெல் மூட்டையைப் பரணில் ஏற்றவா, மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டவா என்று சொல்லுவார். அவருக்குப் பக்கத்தில் அதேபோல இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். கரை யாருடையது என்று எவரும் எவரையும் கேட்டதில்லை.

2018 மார்கழி வெள்ளம் உங்களுக்குச் செய்தியாகத்தான் வந்திருக்கும். குளக்கட்டை உயர்த்திப் புனரமைத்து முடித்த அதே ஆண்டு. வான்கதவுகளைத் திறக்கப் பிந்தினார்களா என்ற விசாரணையும் சண்டையும் பிறகு கன காலம் நடந்தன. அதற்குள் நான் போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் அன்றிரவு முதலில் கதவைத் தட்டியது எந்த அதிகாரியும் இல்லை. ஆற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஈர உடுப்போடு ஓடிவந்த பெடியன்கள்தான். உங்கள் அப்பாவின் காணி இருக்கிற அந்தக் கரையிலும் தண்ணீர் ஏறியிருக்கும். அண்ணாவைக் கேளுங்கள். அந்த நிலத்தில் அத்திவாரம் போடப் போகிறவர்களுக்கு இதை யாராவது சொன்னார்களா?

இன்னொன்று. இரணைமடுத் தண்ணீரைக் குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது இங்குள்ள கமக்காரர் மறுத்தார்கள். குடிதண்ணீருக்கு அலைந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது கோபத்தைத் தந்தது. எனக்கும் அங்கே சொந்தங்கள் உண்டு, என்னிடமும் கேட்டார்கள். ஆனால் மறுத்தவர்கள் தாளைப் பார்த்து மறுக்கவில்லை. கோடையில் அந்தக் குளத்தின் தரை வெடித்துக் கிடந்ததைக் கட்டில் நின்று பார்த்தவர்கள் அவர்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். அந்தத் திட்டத்தின் சரி பிழை பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கட்டும். நான் சொல்ல வருவது, கண்ணால் பார்த்தவனுக்குத்தான் 'இல்லை' என்று சொல்லத் துணிவு வருகிறது.

சரி, உங்கள் மூன்று மாடி. லண்டனில் சென் போல்ஸைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு 1930களின் கடைசியிலேயே வந்துவிட்டது. றிச்மண்ட் பூங்காவின் ஒரு மேட்டிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீற்றருக்கு அப்பால் அந்தத் தேவாலயத்தின் குவிமாடம் தெரிவதைக்கூட விதி போட்டுக் காக்கிறார்கள். அப்படியிருந்தும் 2016இல் மாடத்துக்குப் பின்னால், ஸ்ராற்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு தொடர்மாடி எழும்பி அந்தக் காட்சியைக் கெடுத்துவிட்டது என்று அங்கே பெரிய மனவருத்தம். அவர்களுடைய மாடம் அங்கேயேதான் இருக்கும், நாளைக்கு நிறம் மாறாது, கரையை உடைக்காது. தூரத்திலிருந்து தெரிந்தால் போதும். எங்கள் ஆறு அப்படியா?

ஆகவே உயரத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மூன்றோ ஆறோ, விரும்பினால் பத்தோ. நான் பயப்படுவது வேலிக்கு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் கட்டடம் பற்றிப் பேசுகிற எவரும் வேலியைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் வருஷம் கம்பனி நல்ல மாதிரி இருக்கும். ஆற்றோரம் நடைபாதை எல்லோருக்கும் பொது என்று பலகைகூட வைப்பார்கள். பிறகு வீடு வாங்கியவர்கள் முறைப்பாடு செய்வார்கள். பின்னேரத்தில் பெடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து சத்தம் போடுகிறார்கள், கச்சான் கோது போடுகிறார்கள் என்று. ஒரு சங்கிலி வரும். சங்கிலிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஒரு காவலாளி வருவார். அவரும் எங்கள் ஊர் ஆள்தான், பாவம், சம்பளத்துக்கு நிற்கிறவர். "எங்க போறீங்கள்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி போதும். பெரியப்பா போன்ற ஒருவர் அடுத்த நாள் அந்தப் பக்கம் போகமாட்டார். மானமுள்ள சனம் அது. பிறகு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், வீடுகளிலிருந்து தண்ணீர் தெரியவேண்டும் என்று மருத மரங்கள் போகும். கரையைப் பிடித்து வைத்திருப்பதே அந்த மரங்களின் வேர்தான். மரம் போனால் கரை கரையும், கரைந்தால் கிரவல் கொட்டி நிரப்புவார்கள், நிரப்பியதில் புல்லும் வாங்குகளும் போடுவார்கள். ஆற்றுக்கென்று ஒதுக்கிய நிலம் வருஷத்துக்கு இரண்டு மூன்று அடியாகக் குறையும். அதைப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? முறைப்பாடு எழுதக்கூட ஒருவர் கண்ணால் கண்டிருக்க வேண்டுமே. கிளிநொச்சியில் கழிவுநீர்க் குழாய் கிடையாது, ஆறு மாடிக்கும் குழி தோண்டித்தான் விடவேண்டும். அந்தக் குழி நிரம்பி இரவில் எந்தப் பக்கம் திறந்துவிடப்படும் என்பதையும் மதிலுக்கு வெளியே நிற்பவர்கள் பார்க்க முடியாது. கீழே அந்தத் தண்ணீரில்தான் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

உங்கள் ஊரிலேயே இது நடந்தது. 1972இல் கனடாவின் மத்திய அரசு ரொறன்ரோ ஏரிக்கரையில் பெரிய நிலப்பரப்பை மக்களுக்கென்று ஒதுக்கியது. 80களில் பார்த்தால் அங்கே கொண்டோக்கள் வரிசையாக எழும்பிவிட்டன. சனம் கொதித்தது. 1987இல் கட்டட வேலைகளை நிறுத்திவைத்தார்கள், 1988இல் முன்னாள் மேயர் டேவிட் குறொம்பியின் தலைமையில் அரச ஆணைக்குழுவே போட்டார்கள். பணமும் சட்டமும் பத்திரிகையும் உள்ள நகரம் பட்ட பாடு அது. இங்கே கரை ஒருமுறை கைமாறினால் எந்த ஆணைக்குழு வரும்?

முதலீடு என்று எழுதியிருக்கிறீர்கள். வீடில்லாத சனத்துக்கு வீடு என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அதோடு கடனும் பட்டுக் கட்டி, பூச்சுப் பூசாமலே குடியிருக்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அந்தச் சனத்துக்கு வேண்டியது கிணற்றோடு ஒரு வளவு. இந்தத் தொடர்மாடி அவர்களுக்கானது அல்ல. வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுத்த 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், வந்தபோதே தொடர்மாடியில் நாலாம் மாடிக்கும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு விலக்குக் கொடுத்தது. முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் வாங்கலாம். பிறகு திருத்தங்களும் வந்தன. கம்பனி யாரை நினைத்துக் கட்டுகிறது என்று இதிலிருந்தே விளங்கவில்லையா?

2009இல் போர் முடிந்த முல்லைத்தீவு நந்திக்கடலோரம் 2012இல் இராணுவம் சுற்றுலா விடுதி திறந்தது. எத்தனை குடும்பங்கள் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி நடந்தன, யார் யாரைப் பறிகொடுத்தன என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி அறை வாடகைக்கு விட்டபோது நாங்கள் எல்லோரும் துடித்தோம். நீங்களும் துடித்திருப்பீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் தண்ணீரோரத்தை வந்துபோகிறவர்களுக்கு விற்று, அங்கேயே இருக்கிறவர்களை வெளியே நிறுத்துவது அன்றைக்குப் பிழை என்றால், எங்கள் ஆட்களின் காசில் எங்கள் ஆட்களே செய்தாலும் பிழைதான்.

உங்களை நோகப் பேசிவிட்டேனோ தெரியாது. கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். முற்பணம் கட்டுகிறவர்களில் நீங்களும் ஒருவராக ஆசைப்படுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதில் ஒரு குற்றமும் இல்லை. பிறந்த கரையில் ஒரு யன்னல் வேண்டும் என்று நினைக்காமல் யார் இருப்பார்கள்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மாதம் தங்க இடம் வேண்டும்தானே. அப்பாவின் காணியில் இரண்டு அறை வீடு ஒன்றைப் போடுங்கள். வீதிப் பக்கம், மேட்டில். ஆற்றுப் பக்கம் வேலி அடைக்காமல் விடுங்கள். வான் பாய்கிற நாளில் உங்கள் முற்றத்தால் ஊரே நடந்துபோகும். உங்கள் பிள்ளைகளும் அவர்களோடு போய்ப் பார்க்கட்டும்.

அண்ணா கையெழுத்து வைப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்தக் காணி உங்கள் பெயரில் உறுதி உள்ள சொந்தக் காணியா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா என்று பாருங்கள். இரணைமடுவின் கீழ்க் குடியேற்றக் காணிகளில் பல அனுமதிப்பத்திரம்தான். அப்படியென்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது, கம்பனி கொடுக்கிற முற்பணம் வழக்கில்தான் போய் முடியும். மற்றது, நில அளவை வரைபடத்தில் ஆற்று ஒதுக்கு எல்லை எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லைக்கல் இப்போது தரையில் இருக்கிறதா என்று அண்ணாவை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பினால் நானே கமக்காரர் அமைப்புக்குக் கொண்டுபோகிறேன். அடுத்த கூட்டம் மாதக் கடைசியில், அதற்கு முன் கிடைத்தால் நல்லது.