பதினொரு கிலோ மரவள்ளியும் கலந்த இலையும்

விசுவமடுவிலிருந்து ஒரு தோட்டக்காரர் எழுதுகிறார்: "ஐயா, போன ஐப்பசியில் ஒரு வியாபாரியிடம் மூன்று புது இன மரவள்ளித் தடி வாங்கி, 3 அடிக்கு 3 அடியாய் இனத்துக்கு 25 மரம் நட்டேன். ஒன்று மஞ்சள் கிழங்கு. ஒன்று இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்தது, 'தங்க இலை' என்று தந்தார். மற்றது சிவப்புக் காம்பு. அதில் ஒரு மரம் கிண்டிப் பார்த்தேன், 11 கிலோ! ஏக்கருக்கு 4,840 மரம் என்றால் 53 ஆயிரம் கிலோ வருகுது. வாற மாரிக்கு 2 ஏக்கரும் இதையே போடலாமோ? தங்க இலையில் சில மரம் கட்டையாய் நிற்குது, அதுக்கு என்ன பசளை? அயலிலும் தடி கேட்கினம்."

தம்பி, 2 ஏக்கருக்கும் போடவேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். போகிற போக்கில் பசளை கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கட்டை மரங்கள்தான் எனக்கு யோசனையாய் இருக்கிறது.

இலையை வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள். பிறவியிலேயே கலந்த இலையென்றால் மஞ்சள் நடு நரம்பை ஒட்டி ஓடும், எல்லா இலையிலும் ஏறக்குறைய ஒரே கோலம், இலை தட்டையாய் விரியும். திட்டுத் திட்டாய் வெளிறி, ஒரு விரல் குட்டையாயும் ஒரு விரல் கோணலாயும் சுருங்கியிருந்தால் அது இனமில்லை, வருத்தம். மொசைக் வைரசு. வெள்ளை ஈ காவும், தடியோடும் வரும். தடியோடு வந்ததென்றால் முளைத்த முதல் இலையே கோணலாய் இருந்திருக்கும். ஈ கொண்டுவந்ததென்றால் அடி இலை சுத்தமாயிருக்க, மேலே வந்த இலையில்தான் தெரிந்திருக்கும். எதுவானாலும் பசளையால் மாறாது. பிடுங்கி எரியுங்கள். உண்மையான கலந்த இலையென்றாலும் அது முற்றத்துக்கு அழகு, அவ்வளவுதான். பச்சை குறைந்த இலை கிழங்குக்கு என்னத்தைச் சேர்க்கும்?

தடி வியாபாரி இலையில்லாத தடியைத்தான் விற்பார். இலையில்லாத தடியில் வருத்தம் தெரியாது, அது அவருக்கு வசதி. தடிக் கட்டின்மேல் எழுதியிருக்கும் இனப் பெயரை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அதனால் தடியை வாங்காதீர்கள், உங்கள் தோட்டத்திலேயே தெரிவுசெய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மாரியில் இலை செழித்து நிற்கும்போது சுத்தமான மரங்களுக்குச் சீலைத் துண்டு கட்டிவிடுங்கள். கோடை வெக்கையில் மொசைக் அடையாளம் மங்கிப்போகும், அப்போது பார்த்துத் தெரிவுசெய்தால் ஏமாறுவீர்கள். கிண்டும் நாளில் சீலை கட்டிய மரத்தின் முற்றிய நடுத்தண்டை மட்டும் வெட்டுங்கள். பச்சை நுனித் தடி மண்ணில் வாடிவிடும்.

இனி உங்கள் 11 கிலோ. 2 ஏக்கருக்கும் வேண்டாம் என்றது இதனால்தான். பெரிதாய்த் தெரிந்த மரத்தைத்தானே கிண்டினீர்கள்? அது வரப்போரமோ, வாய்க்கால் கரையோ? ஓரத்து மரம் பக்கத்துக் காணியின் வெயிலையும் நீரையும் சேர்த்துச் சாப்பிடும். 25 மரத்தை ஐந்துக்கு ஐந்தாய் நட்டிருந்தால் வெளிவரிசையை விட்டு நடு 9 மரத்தையும் ஒரே நாளில் கிண்டி நிறுங்கள். செத்த மரமிருந்தால் அதையும் பூச்சியமாய்க் கணக்கில் சேர்த்து ஒன்பதால் பிரியுங்கள். அடுத்தமுறை பக்கத்திலேயே எம்.யூ. 51 இனத்திலும் ஒரு பாத்தி போடுங்கள். தெரிந்த இனம் ஒன்று அருகில் நிற்காமல் புது இனத்தை எதோடு ஒப்பிடுவது?

நிறை மட்டும் போதாது, தண்ணீரையும் சேர்த்துத்தான் தராசு காட்டும். கழுவின கிழங்கில் சரியாய் 3 கிலோ எடுத்து, வெங்காய வலைப்பையில் போட்டு, தொங்கு தராசில் மாட்டித் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் முழுதாய் அமிழ்த்துங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. தண்ணீருக்குள் 300 கிராம் காட்டினால் உலர்பொருள், அதாவது கிழங்கில் தண்ணீர் போக மிஞ்சுவது, 34 வீதமளவில். 200 கிராம் காட்டினால் 28 வீதம்தான். 28 வீதத்தில் 6 கிலோ தரும் மரமும் 34 வீதத்தில் 5 கிலோ தரும் மரமும் கடைசியில் ஒன்றுதான். அவித்தால் மாவாய் மலர்வது இரண்டாவது.

சிவப்புக் காம்பை வைத்துக் கைப்பைச் சொல்லமுடியாது. கைக்கிற கிழங்கைக் காட்டுப்பன்றி குறைவாய்க் கிண்டும் என்று சிலர் விரும்பி நடுவார்கள், ஆனால் அந்தக் கைப்புத்தான் சயனைட்டுக்கு அடையாளம், வரட்சியில் இன்னும் கூடும். கைத்தால் சந்தைக்கு அனுப்பாதீர்கள். மஞ்சள் கிழங்கைப் பிள்ளைகளுக்காக நாலு வரிசை வைத்துக்கொள்ளுங்கள், விற்றமின் 'ஏ'க்குரிய சத்து அதில் உண்டு.

அயலவர் கேட்கிற தடியை இப்போதைக்குக் கொடுக்கவேண்டாம். கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.