ஜப்பானிய ‘ன்’ – கடிதமும் பதிலும்

வணக்கம்,

ஜப்பானிய மொழி படித்துவருகிறேன். ஹிரகானா என்ற அடிப்படை எழுத்துகளின் அட்டவணையின் கடைசியில் துணையில்லாமல் நிற்கும் ‘ன்’ மட்டும் பிடிபடவே இல்லை. ஒரு சொல்லில் ‘ம்’ என்கிறார்கள், இன்னொன்றில் ‘ங்’ என்கிறார்கள். உங்களுக்கோ அந்த எழுத்துத்தான் மிகவும் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைக் குழப்பும் அந்தக் குணத்துக்காகவேதான் எனக்கு அதைப் பிடிக்கும்.

செய்தித்தாளை ‘ஷி-ன்-பு-ன்’ என்று எழுதி ‘ஷிம்புன்’ என்கிறார்கள். ஆப்பிளை ‘ரி-ன்-கோ’ என்று எழுதி ‘ரிங்கோ’ என்கிறார்கள். அடுத்த எழுத்துக்கு உதடு மூட வேண்டுமா, நாக்கு பின்னால் போக வேண்டுமா என்று பார்த்து, இது முன்கூட்டியே அங்கே போய் நிற்கிறது. தமிழ் வாய்க்கு இது பழக்கம்தான். மரம் என்பது மரங்கள் ஆகும், மரந்தான் ஆகும். நாம் எழுத்தையும் மாற்றிவிடுகிறோம், அவர்கள் மாற்றுவதில்லை. டோக்கியோவின் ஷிம்பாஷி ரயில் நிலையப் பலகையில் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்: ரோமன் எழுத்தில் ‘ம்’, ஹிரகானாவில் ‘ன்’. எனவே மனப்பாடம் வேண்டாம், உங்கள் நாக்கை நம்புங்கள். பின்னால் உயிரெழுத்து வந்தால் மட்டும் கவனம் தேவை. ‘ஹொன் ஒ’ (புத்தகத்தை) என்பது ‘ஹொனொ’ என்று ஒட்டிவிடக் கூடாது. நாக்கு மேலே தொடாமல், ஒலியை மூக்கில் விடுங்கள்.

இப்படி வளைந்துகொடுக்கும் எழுத்துதான், ஆனால் தன் நேரத்தை விட்டுக்கொடுப்பதில்லை. நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் மெய்யெழுத்தை நீக்கிவிட்டுத்தான் எழுத்தை எண்ணுவோம். ஜப்பானிய ‘ன்’ முழுதாக ஒரு தட்டு கேட்கும். ‘ஷிம்புன்’ நமக்கு இரண்டு அசை, அவர்களுக்கு நான்கு தட்டு. ஹைக்கூ கவிதையின் 5-7-5 கணக்கும் இப்படித் தட்டுகளை எண்ணுவதுதான். ஜப்பான் என்று பொருள்படும் ‘நிஹோன்’ என்பதைக் கைதட்டி மூன்றாகச் சொல்லிப் பாருங்கள், உங்கள் உச்சரிப்பு அங்கேயே பாதி சரியாகிவிடும்.

வரிசையில் இடம் கிடைக்கத்தான் இதற்கு நெடுங்காலம் ஆனது. ஒவ்வொரு எழுத்தும் ஒரே முறை வரும்படி அமைந்த பழைய ‘இரோஹா’ பாட்டில் 47 எழுத்துகள் உண்டு, ‘ன்’ கிடையாது. இதே வடிவம் ‘மு’வுக்கும் வழங்கிவந்தது. ஒலிக்கு ஒரே வடிவம் என்று 1900-இல் பள்ளிகளுக்கு விதி வந்தபோதுதான் அது ‘ன்’னுக்கு மட்டும் என்று உறுதியானது. இன்றைய அட்டவணை அ-வில் தொடங்கி ன்-இல் முடிகிறது. ‘அகரமுதல் னகர இறுவாய்’ என்ற தொல்காப்பிய வரி நினைவுக்கு வராமல் இருக்குமா? நம் னகரமும் சொல்லுக்கு முதலில் வராது.

அப்புறம், ஷிரிதோரி விளையாடிப் பாருங்கள். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ‘ன்’னில் முடித்தவர் தோற்றார், ஏனென்றால் அதில் தொடங்கப் பொதுவழக்கில் ஜப்பானியச் சொல் இல்லை. ஆரஞ்சு வகையான ‘மிகன்’, ரொட்டியான ‘பன்’, ‘ராமென்’ எல்லாமே ஆபத்தான சொற்கள். தப்பிக்க நினைப்பவர்கள் சாட் நாட்டுத் தலைநகரான ‘ன்ஜமேனா’வைச் சொல்வார்கள். ஊர்ப்பெயர் செல்லுமா என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.