நான்கு நாள் விட்டுப்போன இதய மாத்திரை: மெட்டோப்ரோலாலை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம். அப்பாவுக்கு 62 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். காலையில் மெட்டோப்ரோலால் 50 மி.கி. மாத்திரையும், சுகருக்குக் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். மாங்காய்க் காவலுக்குத் தோப்பிலேயே தங்கியிருந்தபோது மெட்டோப்ரோலால் தீர்ந்துபோய் நான்கு நாள் போடவில்லை. நான்காம் நாள் இரவு நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, அரை மணி நேரத்தில் அடங்கியது. இப்போது மறுபடியும் போடுகிறார். ஆனால், “இதைப் போட்டால்தான் கை கால் ஓய்ந்துபோகிறது, விட்டுவிடுகிறேன்” என்கிறார். விடலாமா? பாதியாக உடைத்துப் போடலாமா?

பதில்: மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த நான்காம் நாள் இரவைப் பற்றிப் பேச வேண்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு வந்த படபடப்பும் வியர்வையும் தானாக அடங்கிவிட்டது என்பதால் அதைக் கடந்துபோன விஷயமாக எண்ணக் கூடாது. அது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வந்ததாகவும் இருக்கலாம், சர்க்கரை தாழ்ந்து வந்ததாகவும் இருக்கலாம். எனவே இன்றே அவரை அழைத்துச் சென்று ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் மறுபடியும் நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால், அவரை இருசக்கர வாகனத்தில் ஏற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மெட்டோப்ரோலால், பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்த மருந்து. ஓடும்போதும் பதறும்போதும் உடலில் சுரக்கும் அட்ரினலின், இதயச் செல்களின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளில் சென்று அமர்ந்துதான் துடிப்பைக் கூட்டுகிறது. இந்த மருந்து அந்த இடங்களில் முன்னதாகவே அமர்ந்துகொள்வதால், இதயம் நிதானமாகத் துடிக்கிறது, அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறைகிறது. (1960-களில் இவ்வகையின் முன்னோடியான ப்ராப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக், 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.) ஆனால் பல மாதங்கள் இப்படி அடைபட்டிருக்கும் செல்கள், ஈடுகட்டுவதற்காக ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கின்றன. மருந்து திடீரென நின்றால், வழக்கமான அளவு அட்ரினலினே கூடுதலான ஏற்பிகளைத் தாக்குகிறது. துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. ஏற்கெனவே அடைப்பு வந்த இதயத்தில் நெஞ்சு வலியோ, மாரடைப்போ வரக்கூடும். இரவில் கண்விழித்து, தோப்புக்குள் சத்தம் கேட்டால் எழுந்து ஓடும் உங்கள் தந்தைக்கு இது ஏட்டில் மட்டும் இருக்கும் ஆபத்து அல்ல. என் கணிப்பில், அன்றிரவு அவருக்குத் தொந்தரவு தந்தது மாத்திரை அல்ல, மாத்திரை இல்லாத அந்த நான்கு நாள்கள்தான்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. பல நாள் விட்டுப்போயிருந்தால், குறிப்பாக இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர்களுக்கு, மருத்துவர் சிறிய அளவிலிருந்து மீண்டும் தொடங்கச் சொல்லக்கூடும். ஆகவே நான்கு நாள் இடைவெளி விழுந்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி, நிறுத்தலாமா என்ற கேள்வி. அது நியாயமான கேள்விதான். மாரடைப்பு வந்தவர்கள் எல்லோருக்கும் இது ஆயுள் முழுக்கத் தேவையா என்று இதய மருத்துவர்களே இன்று விவாதிக்கிறார்கள். 2024-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 50 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தவர்களுக்கு இம்மருந்தைத் தொடங்கியதால் மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. அதே ஆண்டு பிரான்சில் நடந்த வேறோர் ஆய்வில், நெடுநாள் போட்டுவந்தவர்கள் நிறுத்தியபோது, தொடர்வதற்கு நிகரான பாதுகாப்பு நிறுத்துவதில் உண்டு என்று காட்ட முடியவில்லை. திறன் குறைந்தவர்களுக்கோ இம்மருந்து உயிர் காப்பது. ஆக, இந்தத் திறனைக் காட்டும் எக்கோ ஸ்கேன் அறிக்கையை, உங்கள் தந்தையுடையதை, பார்க்காமல் எவரும் விடையளிக்க முடியாது. நிறுத்துவதென்று மருத்துவர் முடிவெடுத்தாலும், ஓரிரு வாரங்களில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

அவர் சொல்லும் ஓய்ச்சலை நான் நம்புகிறேன். உழைக்கும்போது துடிப்பு கூடுவதை இம்மருந்து மட்டுப்படுத்துவதால், மேடேறும்போதும் கூடை தூக்கும்போதும் உடல் கனப்பதுபோல் இருக்கும், சிலருக்குக் கை கால் சில்லிடும். தாம்பத்தியத்தில் குறை வந்து, அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிற ஆண்களும் உண்டு. அவரிடம் மருத்துவர் தனியாகப் பேச வாய்ப்புக் கொடுங்கள். அளவைக் குறைக்கலாம், இரவுக்கு மாற்றலாம், இதே வகையில் வேறு மருந்தைத் தரலாம். ரத்தசோகை, தைராய்டு போன்ற வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நாடி பார்ப்பது. அவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் உங்கள் நடு மூன்று விரல்களை மெல்ல அழுத்துங்கள். செல்போன் கடிகாரத்தைப் பார்த்து முழு 60 நொடி எண்ணி, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 50-க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

உடைப்பதைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு ஒரு வேளை போடும் மெட்டோப்ரோலால் பெரும்பாலும் மெல்ல மெல்லக் கரையும் வகை. அட்டையில் மருந்தின் பெயரை அடுத்து எக்ஸ்எல் அல்லது ஈஆர் என்றிருக்கும். நடுவில் கோடு போட்ட மாத்திரையை, மருத்துவர் சொல்லியிருந்தால், அக்கோட்டில் இரண்டாக்கலாம். பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பொடித்துவிட்டால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும்.

சர்க்கரை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை. தாழும்போது எச்சரிக்கும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும், வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. ஆகவே தோப்பில் காரணமின்றி வியர்த்தால், குளுக்கோமீட்டர் இருந்தால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். களி வருவதற்கு நேரமாகும் நாளில் வெறும் வயிற்றில் சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

ஒருமுறை பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் நாடி 42 இருந்தது. காரணம் புரியாமல், வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் சுருக்குப் பையை அவிழ்த்து மேசையில் கொட்டினார். ஓர் இடத்தில் கொடுத்த அட்டெனலாலும், வேறோர் இடத்தில் எழுதித்தந்த மெட்டோப்ரோலாலும் அதில் இருந்தன. ஒன்று பிரஷருக்கு, மற்றொன்று நெஞ்சுக்கு என்று எண்ணி இரண்டையும் மாதக்கணக்கில் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே வகை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அட்டெனலால், பிசோப்ரோலால், ப்ராப்ரனலால், கார்வெடிலால், நெபிவலால் என, இவ்வகை மருந்துகளின் பெயர்கள் ‘லால்’ என்றே முடியும். அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள். ‘லால்’ இரண்டு இருந்தால் உடனே கேளுங்கள்.

கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் இந்த வகைதான், அது கண்ணோடு நின்றுவிடுவதில்லை. ஆஸ்துமா இருந்தால் அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். பிரஷருக்கும் நெஞ்சு வலிக்கும் தரும் வெராபமில், டில்டியாசெம் ஆகிய மாத்திரைகள் இதனோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் மாரடைப்பு வந்தவருக்கு நல்லதல்ல, ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். தோப்பில் குளவி கொட்டி ஒவ்வாமை வந்தாலோ, பாம்பு கடித்தாலோ, பீட்டா பிளாக்கர் போடுபவர் என்பதை மருத்துவமனையில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்தாலும் ஒவ்வாமை வரலாம். ஒவ்வாமைக்குத் தரும் அட்ரினலின் ஊசி இவர்களுக்கு எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம்.

மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் அப்பாவின் சீட்டைக் காட்டி எவையெவை கிடைக்கும் என்று கேளுங்கள். கிடைக்காதவற்றை, அட்டையில் பத்து மாத்திரை மீதமிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். தோப்புக் குடிசையில் ஓர் அட்டையைத் தனியே, வெயில் படாத டப்பாவில் வைத்துவிடுங்கள். இன்று மருத்துவரிடம் போகும்போது பழைய எக்கோ அறிக்கை, டிஸ்சார்ஜ் சீட்டு, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகள், கண் சொட்டு மருந்து இருந்தால் அந்தப் புட்டி, அனைத்தையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்.